ஃபேரி கதையில் ஓர் ஆட்டிச நாயகி: நாவலை எழுதி ஏஜென்ட் கையில் சேர்ப்பது வரை

ஃபேரிகளின் உலகத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும் ஒரு பெண், வயது 16, ஆட்டிசம் உள்ளவள். இப்படி ஒரு கதை உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ கொண்டுவரும் ஆசையும் இருக்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள். இந்த வழியில் நான் போனபோது தகவல் எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஏஜென்ட்டுகளை (எழுத்தாளர் சார்பில் நாவலைப் பதிப்பகங்களிடம் விற்றுத் தருபவர்களை) பற்றி எழுதுகிறவர்கள் அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக எழுதுகிறார்கள், வரிப் படிவம் பற்றி எழுதுகிறவர்களுக்கு நாவல் தெரியாது, ஆட்டிசம் பற்றி எழுதுகிறவர்களில் பலர் டாக்டர்களும் பெற்றோர்களும்தான். எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்க்கவே அவ்வளவு நேரம் போனது. அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

கீழே உள்ள எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதியதைப் படித்துச் சரியா தவறா என்று சொல்ல, ஆட்டிசம் உள்ள வாசகர்களைக் கதை முடிந்தபிறகு கூப்பிடாதீர்கள். கதைச் சுருக்கம் கையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள், காசு கொடுத்துக் கூப்பிடுங்கள். நேரக் கணக்கு, பணக் கணக்கு இரண்டையும் அதை வைத்தே போடுங்கள்.

1. வயதையும் அளவையும் முடிவு செய்யுங்கள்

யங் அடல்ட், அதாவது பதின்வயதினருக்கான நாவல் என்றால் நாயகிக்கு 15 முதல் 18 வயதுக்குள் இருக்க வேண்டும். இந்த வகை ஃபேன்டஸிக்கு 70,000 முதல் 1,00,000 சொல் வரை பிரச்சினை இல்லை. அதைத் தாண்டிப் போகப் போக, முதல் நாவல் எழுதுகிறவர் அனுப்பும் அறிமுகக் கடிதத்தை ஏஜென்ட்டுகள் சொல் எண்ணிக்கையைப் பார்த்தே ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். ஃபேரி கதைகளில் இப்போது பெரியவர்களுக்கான காதல் ஃபேன்டஸி நிறைய வருகிறது. படுக்கையறைக் காட்சிகளை வெளிப்படையாக எழுதப் போகிறீர்கள் என்றால் அது வேறு அலமாரி, நாயகியின் வயதையும் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் இரண்டு பக்கத்திலும் வாங்க ஆள் இல்லை.

2. ஃபேரி விதிகளை ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள்

ஃபேரி என்றதும் சிறகு முளைத்த குட்டிப் பெண் நினைவுக்கு வந்தால் அதை ஓரம் வைத்துவிடுங்கள். இந்தக் கதைகள் அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் சேர்ந்தவை. அங்கே ஃபேரிகள் மனித அளவில் இருப்பார்கள், குன்றுக்குள் குடியிருப்பார்கள், பேரம் பேசுவார்கள், பலர் அவர்களுக்குப் பயந்து பெயரைக்கூடச் சொல்லாமல் 'நல்லவர்கள்' என்பார்கள். சீலி, அன்சீலி என்ற இரண்டு அரசவைகள் ஸ்காட்லாந்துக்காரர்களுடையவை. ஷீ என்ற குன்றுவாசிகள் அயர்லாந்துக்காரர்கள். இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் உண்டு, ஆனால் அயர்லாந்து வாசகர் ஒருவர் கையில் கிடைத்தால் முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதவைத்த கதைகள் பல லட்சம் பக்கங்கள் இருக்கின்றன. அவை டூகஸ் என்ற தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். மாவட்டம் வாரியாகத் தேடலாம். ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊர்க் கதைகளை மட்டும் படியுங்கள். எந்த மேட்டில் உழக் கூடாது, தனியாக நிற்கும் ஹாத்தார்ன் முள்மரத்தை ஏன் வெட்டக் கூடாது, வெண்ணெய் திரளாவிட்டால் யார் மேல் பழி என்று அந்தப் பிள்ளைகள் சாதாரணமாக எழுதிவைத்திருப்பது எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்காது. நம்பிக்கைகளையும் விதிகளையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், வரிகளை அப்படியே தூக்கி நாவலில் போடாதீர்கள், அதற்கு அனுமதி வாங்க வேண்டும்.

தாளில் எழுத வேண்டியவை: இரும்பு அவர்களுக்கு ஆகாது, அவர்கள் உணவைச் சாப்பிட்டால் திரும்பி வர முடியாது, சொன்ன வார்த்தையை மீற மாட்டார்கள் ஆனால் வளைப்பார்கள், அங்கே ஒரு இரவு என்பது இங்கே பல வருடம். உங்கள் கதையில் இவற்றில் எது உண்டு, எது இல்லை, மீறினால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பின்னால் ஏஜென்ட்டுக்கு அனுப்பும் கதைச் சுருக்கமான சினாப்சிஸ் எழுதும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

3. நாயகிக்குத் தனியாக ஒரு தாள்

'ஆட்டிசம் உள்ளவள்' என்று எழுதிவிட்டு, கண்ணைப் பார்த்துப் பேசமாட்டாள், கையை உதறுவாள் என்று இரண்டு அடையாளம் ஒட்டினால் அது ஆள் ஆகாது. எந்த ஓசை அவளுக்கு வலிக்கும், எந்தத் துணி ஆகாது, எதைச் சாப்பிடுவாள், பசிப்பது அவளுக்கு எப்போது தெரியும், எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், கூட்டத்தில் சாதாரணமாகத் தெரிவதற்காக எதையெல்லாம் மறைக்கிறாள், மறைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகிறாள். மாஸ்கிங் (தன் இயல்பை மறைத்து நடப்பது), ஸ்டிம்மிங் (கையை உதறுவது போல ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது), மெல்ட்டவுன், ஷட்டவுன் என்று ஆட்டிசம் உள்ளவர்கள் சொல்லும் நான்கையும் அவர்களே எழுதியவற்றிலிருந்து படித்துவிட்டு இந்தத் தாளை நிரப்புங்கள். மெல்ட்டவுனும் ஷட்டவுனும் ஒன்றில்லை. ஒன்றில் உள்ளே இருப்பது வெளியே வெடிக்கும், மற்றதில் பேச்சே நின்றுபோகும். எது வந்தாலும் மீள நேரம் ஆகும், அடுத்த பத்தியிலேயே எழுந்து வாள் வீச முடியாது.

இந்தத் தாளையும் ஃபேரி தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதை அங்கே தானாகவே கிளம்பும். ஃபேரி விருந்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது மற்ற நாயகிகளுக்குப் பெரிய சோதனை. தெரியாத உணவைத் தொடாத பெண்ணுக்கு அது அன்றாடம். பள்ளிக்கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத நூறு விதிகளுக்கு நடுவில் தடுமாறுகிறவளுக்கு, எல்லா விதியையும் வாய்விட்டுச் சொல்லும் ஒரு அரசவை நிம்மதியாகக்கூட இருக்கலாம். அந்த நிம்மதிதான் அவளுக்கு வைக்கப்பட்ட பொறி என்றால் எவ்வளவு நல்ல கதை! ஃபேரிகள் மாய உருவம் பூண்டு நடமாடுகிறார்கள், அவளும் காலையிலிருந்து மாலை வரை ஒரு முகத்தைப் பூண்டுதான் நடமாடுகிறாள்.

விழக் கூடாத குழிகள்:

மாற்றுக் குழந்தை. மனிதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஃபேரிக் குழந்தையை வைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பேச்சு வராத, வித்தியாசமாக நடக்கும் குழந்தைகளைத்தான் அந்தக் காலத்தில் இப்படிச் சொன்னார்கள் என்று கருதுகிறவர்கள் பலர். 'அவளுக்கு ஆட்டிசம் இல்லை, அவள் உண்மையில் ஃபேரி' என்று கதையை முடித்தால், ஆட்டிசம் உள்ள வாசகி கடைசிப் பக்கத்தில் தன்னைப் போன்ற ஒருத்தியை இழக்கிறாள். அதோடு இந்த நம்பிக்கையால் உயிர் போயிருக்கிறது. 1895-இல் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற பெண்ணை, இவள் என் மனைவி இல்லை, மாறி வந்தவள் என்று சொல்லிக் கணவனே எரித்துக் கொன்றான். இந்தக் கருவைத் தொடுவதானால் அதன் கனம் தெரிந்து தொடுங்கள்.

குணமாவது. மந்திரத்தாலோ காதலாலோ முடிவில் 'சரியாகிவிடுவது' கூடவே கூடாது.

மேதை. எல்லா ஆட்டிச நாயகிக்கும் கணக்கோ நினைவாற்றலோ அதிசயமாக இருக்க வேண்டியதில்லை.

இரக்கம் இல்லாதவள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்பது பழைய பேச்சு. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று டேமியன் மில்டன் 2012-இலேயே எழுதினார், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். ஃபேரிகளுக்கும் மனிதர்களுக்கும் நடுவே இருக்கும் புரியாமையை எழுதுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான சிந்தனை கிடைக்காது.

ஒரு விவரம்: ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயரை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் கைவிட்டுவிட்டது. கதை இன்று நடந்தால் புதிதாகக் கண்டறியப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பெயரைப் போடாதீர்கள்.

4. ஆட்டிசம் உள்ள வாசகர்கள்: எப்போது, எவ்வளவு, எப்படி

இவர்களைப் பதிப்புலகத்தில் சென்சிடிவிட்டி ரீடர் என்பார்கள், இப்போது ஆதென்டிசிட்டி ரீடர் என்றும் சொல்கிறார்கள். நாவல் முழுவதையும் படித்து, எது உண்மையாக இருக்கிறது, எது புண்படுத்துகிறது என்று அறிக்கை எழுதித் தருவார்கள்.

இரண்டு முறை தேவை. முதல் முறை, மூன்று நான்கு பக்கக் கதைச் சுருக்கமும் நாயகியின் தாளும் மட்டும். இதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம், ஏனென்றால் முடிவே தவறாக இருந்தால் 80,000 சொல் எழுதுவதற்கு முன் தெரிந்துவிடும். இரண்டாவது முறை, நீங்கள் ஒருமுறை திருத்தி முடித்த முழு நாவல்.

கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் நாவலுக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் சொல்லுக்கு இவ்வளவு என்பார்கள். சொல்லுக்கு ஒரு சென்ட் என்றால் 80,000 சொல்லுக்கு 800 டாலர், நம் கணக்கில் எழுபதாயிரம் ரூபாய் பக்கம். திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் நாவலில் வேறு எதற்கும் செலவு செய்யாவிட்டாலும் இதற்குச் செய்யுங்கள். முழுத் தொகை முடியாவிட்டால் நாயகி நெருக்கடியில் இருக்கும் அத்தியாயங்களை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். இலவசமாகக் கேட்காதீர்கள். வங்கி மூலம் டாலரில் அனுப்பினால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள், வங்கிக் கட்டணம் தனி. அதை வாசகரின் தொகையிலிருந்து பிடிக்காதபடி 'எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒப்பந்தம் ஒரு மின்னஞ்சலில் முடியும். சொல் எண்ணிக்கை, தொகை, முன்பணம் எவ்வளவு, அறிக்கை வரும் தேதி, நாவலை வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்ற வரி, நன்றியுரையில் அவர் பெயர் வரலாமா கூடாதா. கடைசியைக் கேட்டே ஆக வேண்டும், தன் ஆட்டிசத்தை ஊருக்குச் சொல்லாதவர்கள் பலர். நேரம் ஒரு மாதமாவது கொடுங்கள். 'பொதுவாக எப்படி இருக்கிறது' என்று கேட்காமல், எண் போட்டுத் தெளிவான கேள்விகளாக எழுதி அனுப்புங்கள். வீடியோ கால் வாருங்கள் என்று வற்புறுத்தாதீர்கள், எழுத்தில் பேசுவதே பலருக்கு எளிது.

யாரைத் தேடுவது? உங்கள் நாயகி அயர்லாந்துப் பள்ளி மாணவி என்றால், வயது வந்தபின் கண்டறியப்பட்ட பெண் ஒருவர், அந்த ஊர்ப் பள்ளியில் படித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் இரண்டு பேர். ஒருவரின் ஆட்டிசம் இன்னொருவருடையது மாதிரி இருக்காது. உங்களுக்கே ஆட்டிசம் இருந்தாலும் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

இது எவ்வளவு உதவும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என் நாவலில் ஒரு விருந்துக் காட்சி. பிடில்கள் வாசிக்கிறார்கள், நாயகி காதைப் பொத்திக்கொள்கிறாள். அந்த வரிக்கு நேராக என் வாசகர் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'இந்த இசை அவளுக்கு எங்கே கேட்கிறது? எனக்கென்றால் பல்லில் கேட்கும்.' அதற்குக் கீழே இன்னொன்று: 'காதைப் பொத்தினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் வேறு எதையெல்லாம் செய்து பார்த்திருப்பாள்?' அந்த இரண்டு கேள்வியை வைத்துக்கொண்டு எழுதியபோது அரைப் பக்கக் காட்சி நான்கு பக்கம் ஆனது, நாவலில் எனக்குப் பிடித்த இடமும் அதுதான். எத்தனை புத்தகம் படித்தாலும் அந்தப் பல் எனக்குக் கிடைத்திருக்காது.

5. அனுப்ப வேண்டிய மூன்று ஆவணங்கள்

முழு நாவலும் முடியாமல் எதையும் அனுப்பாதீர்கள். முதல் நாவலுக்கு இது கட்டாயம்.

நாவல் கோப்பு: வேர்ட் வடிவம், டைம்ஸ் நியூ ரோமன் 12, இரட்டை வரி இடைவெளி, பக்க எண்.

சினாப்சிஸ்: ஒரு பக்கம், முடிவு உட்பட. முடிவை மறைத்து ஆவலைத் தூண்டுவது இங்கே செல்லாது.

குவெரி லெட்டர்: ஏஜென்ட்டுக்கு நாவலை அறிமுகப்படுத்தும் கடிதம், 300 சொல் அளவில் ஒரு பக்கம். கதை, சொல் எண்ணிக்கை, உங்கள் நாவலோடு ஒப்பிடக்கூடிய, கடந்த சில வருடங்களில் வந்த இரண்டு புத்தகங்கள், உங்களைப் பற்றி இரண்டு வரி. ஆட்டிசத்தை ஒரு பெயர்ப்பலகை மாதிரி தொங்கவிடாமல் கதைக்குள் வைத்தே சொல்லலாம். இப்படி: 'ஆட்டிசம் உள்ள 16 வயது ஓர்லாவால் பள்ளி உணவுக்கூடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. தம்பியைக் குன்றுக்குள் கொண்டுபோனவர்களோ, அவன் திரும்ப வேண்டுமானால் ஏழு இரவு விருந்தில் உட்கார் என்கிறார்கள். அங்கே எதையும் சாப்பிடக் கூடாது. அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இசைதான்.'

உங்களுக்கு ஆட்டிசம் உண்டா இல்லையா என்று கடிதத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பிரிவினரைப் பற்றி அதே பிரிவைச் சேர்ந்தவர் எழுதிய புத்தகத்தைக் குறிக்கும் ஓன்வாய்சஸ் என்ற அடையாளச் சொல், எழுதுகிறவர்களைத் தங்கள் அந்தரங்கத்தைச் சொல்லும்படி நெருக்குகிறது என்ற பேச்சு எழுந்து, குழந்தைகள் நூல்களில் பன்மைக்காக இயங்கும் வீ நீட் டைவர்ஸ் புக்ஸ் அமைப்பே 2021-இல் அதைக் கைவிட்டது. விரும்பினால் சொல்லுங்கள். இல்லையென்றால், ஆட்டிசம் உள்ள வாசகர்களோடு சேர்ந்து வேலை செய்தேன் என்ற ஒரு வரி போதும்.

6. ஏஜென்ட்டுக்கு அனுப்புதல்

அமெரிக்க ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் குவெரி லெட்டரும் முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கமும் கேட்பார்கள். பிரிட்டனில் கடிதம், சினாப்சிஸ், முதல் மூன்று அத்தியாயம். ஒவ்வொருவர் தளத்திலும் இருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். ஏஜென்ட்டுகளைத் தேட உதவும் குவெரிட்ராக்கர் தளத்தில் இலவசக் கணக்கே ஆரம்பத்துக்குப் போதும், யார் எத்தனை நாளில் பதில் சொல்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம்.

ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பாமல் ஆறேழு பேருக்கு அனுப்பி, பதிலைப் பார்த்துக் கடிதத்தைத் திருத்தி, அடுத்த ஆறேழு. பதில் வர ஆறு முதல் பன்னிரண்டு வாரம், சிலர் வேண்டாம் என்றால் பதிலே போடமாட்டார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் பதிப்பகத்தோடு கையெழுத்தாகிப் புத்தகம் கடைக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். வேலையை விட்டுவிட்டு உட்காராதீர்கள்.

பணம் பற்றி ஒரே விதி: நல்ல ஏஜென்ட் உங்களிடம் காசு கேட்கமாட்டார். படிக்கக் கட்டணம், பதிவுக் கட்டணம் எதுவும் கிடையாது. புத்தகம் விற்றால் உங்களுக்கு வரும் பணத்தில், ஏஜென்ட்டின் உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்குப் பொதுவாக 20 சதவீதம், அவ்வளவுதான். 'உங்கள் நாவல் எங்களுக்கு மிகவும் பிடித்தது' என்று இரண்டே நாளில் பதில் அனுப்பி, கூடவே லட்ச ரூபாய் பேக்கேஜ் ஒன்றை நீட்டும் நிறுவனங்கள் நிறைய. எனக்கும் அப்படி ஒன்று வந்தது, அவர்கள் கடிதத்தில் நாயகியின் பெயர்கூட இல்லை. இதற்குப் பதில் எழுத வேண்டியதே இல்லை.

7. காப்புரிமையும் வரிப் படிவமும்

காப்புரிமை எழுதிய உடனே உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. சான்று கையில் வேண்டும் என்றால் இந்தியக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் படிவம் 14, இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பத்துக்கான டைரி எண் கிடைத்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகுதான் பரிசீலனையே தொடங்கும், சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்காக ஏஜென்ட்டுக்கு அனுப்புவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து ராயல்டி வந்தால் டபிள்யூ-8பென் என்ற படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி கொடுத்தால் 15. வெளிநாட்டு வரி எண் என்ற கட்டத்தில் பான் எண்ணைப் போடுங்கள், பெயர் பான் அட்டையில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். புனைபெயரில் எழுதினாலும் இங்கே சொந்தப் பெயர்தான். இந்தப் படிவம் கையெழுத்திட்ட வருடத்துக்குப் பின் மூன்றாவது வருடக் கடைசி வரை செல்லும், பிறகு புதிது. அங்கே பிடித்த வரிக்கான சான்றை ஆடிட்டரிடம் கொடுங்கள், இங்கே வரி கட்டும்போது அதைக் கழித்துக்கொள்ள வழி உண்டு.

8. நீங்களே வெளியிடுவதானால்

எழுத்தாளர்களே புத்தகம் வெளியிடும் அமேசானின் கேடிபி தளத்தில் போட நேரடிச் செலவு இல்லை. மின்னூலுக்கு 2.99 முதல் 9.99 டாலருக்குள் விலை வைத்தால் 70 சதவீத ராயல்டி, வெளியே போனால் 35. இந்தியாவில் விற்பவற்றுக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலெக்ட் என்ற அவர்களுடைய திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாள் மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது. மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துப் பணம் வரும். வரிப் படிவத்தைக் கணக்கு தொடங்கும்போதே நிரப்பச் சொல்வார்கள். புத்தகத்துக்கான தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் சொந்தமாக வேண்டுமானால் இந்திய அரசின் ஐஎஸ்பிஎன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடையாள அட்டையும் தலைப்புப் பக்கமும் தயாராக வைத்துக்கொண்டு, வெளியீட்டுத் தேதிக்கு வெகு முன்னாலேயே விண்ணப்பியுங்கள். விற்றுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அட்டைப்படத்துக்கு 1600-க்கு 2560 பிக்சல். ஓவியரிடம் சொல்ல வேண்டியவற்றை எழுதிக் கொடுங்கள்: நாயகியின் கையில் அவள் எப்போதும் உருட்டிக்கொண்டிருக்கும் பொருள் என்ன, காதில் ஹெட்ஃபோன் உண்டா, எந்த நிறம் அவள் உடுத்தமாட்டாள். ஆட்டிசம் என்று தேடினால் முதலில் வரும் அந்தப் புதிர்ப் படத் துண்டுச் சின்னத்தை எந்த மூலையிலும் போட வேண்டாம் என்று கட்டாயம் எழுதுங்கள், ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் அதைப் பார்த்தாலே புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். அட்டையின் முதல் வரைவு வந்ததும், ஓவியரிடம் சரி என்று சொல்வதற்கு முன், உங்கள் வாசகருக்கு ஒருமுறை அனுப்பிக் கேளுங்கள், அதற்கும் சேர்த்து ஆரம்ப ஒப்பந்தத்திலேயே தொகை பேசிவிடலாம்.